சுபாராவும் ஹவாரும்: ஓர் எல்லைத் தகராறின் பின்னால் சில நாட்கள்

வியாழன், தோஹா

கத்தாரும் பஹ்ரைனும் இரண்டு இடங்களுக்காக ஏறக்குறைய 130 ஆண்டுகள் மல்லுக்கு நின்றிருக்கின்றன. ஒன்று சுபாரா, கத்தாரின் வடமேற்குக் கரையில் மண்மூடிக் கிடக்கும் பழைய முத்து வணிக நகரம். இன்னொன்று ஹவார் தீவுகள். கத்தாரின் மேற்குக் கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூடத் தள்ளி இல்லாத இந்தத் தீவுகள் இன்று பஹ்ரைனுக்குச் சொந்தம். வரைபடத்தைப் பார்க்கும் யாருக்கும் ‘இது எப்படி?’ என்று கேட்கத் தோன்றும். நான் வருவாய்த் துறையில் தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவள். எல்லைத் தகராறு என்றால் என்னால் கடந்துபோக முடியாது. மகன் தோஹாவில் வேலையில் இருக்கிறான், அக்கா மகள் மனாமாவில் இருக்கிறாள். இரண்டு ஊருக்கும் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதுகிறேன்.

இன்று கத்தார் தேசிய நூலகம். மெட்ரோவிலேயே போய்விடலாம், நூலகத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் படிப்படியாக ஏறிப்போகும் புத்தக அடுக்குகள். நடுவில் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிக் கட்டிய கல் அறைகளில் பழைய வரைபடங்களும் கையெழுத்துப் படிகளும் வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்து இவர்கள் 2014-லிருந்து இணையத்தில் ஏற்றிவரும் வளைகுடாக் கோப்புகளை வீட்டிலிருந்தே யாரும் இலவசமாகப் படிக்கலாம். இருந்தாலும் இந்த ஊரில் உட்கார்ந்து அவற்றைப் படிக்க எனக்கு ஆசை.

இந்தக் கோப்புகள் இங்கிலாந்தின் கோப்புகள் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் படிக்கிறார்கள். இவை அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தின் கோப்புகள். பாரசீகக் கரையில் புஷேர் என்ற ஊரில் பொலிட்டிகல் ரெசிடென்ட், அதாவது வளைகுடாவுக்கான பிரிட்டிஷ் தலைமைப் பிரதிநிதி, இருந்தார். அவருக்குக் கீழே பஹ்ரைனில் பொலிட்டிகல் ஏஜென்ட். முதலில் பம்பாய் அரசாங்கத்துக்கும், 1873-லிருந்து மத்திய இந்திய அரசாங்கத்துக்கும் இவர்கள் பதில் சொல்ல வேண்டும். அதனால் கோப்பு நடத்தும் முறையும் நம் அலுவலகங்களில் நான் பழகிய முறைதான். மேலதிகாரிக்கு நேர்முகக் கடிதம், நகலுக்குத் தனிக் கோப்பு, ஓரத்தில் கையால் எழுதிய குறிப்பு, மூலையில் டேக் கோத்த துளை, ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் பக்க எண். புஷேர் கோப்புகள் ஒரு வரிசை, பஹ்ரைன் கோப்புகள் இன்னொரு வரிசை. ஒரே கடிதம் இரண்டிலும் கிடைக்கிறது. ஒன்றில் அனுப்பியவரின் நகல் இருக்கிறது. மற்றதில் வந்து சேர்ந்த கடிதமும், அதன் மேல் மேலதிகாரி எழுதிய குறிப்பும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மாலை வரை அதைத்தான் செய்தேன்.

வெள்ளி, சுபாரா

ஜும்ஆ முடிந்த பிறகு கிளம்பினோம். தோஹாவிலிருந்து வடக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பியதும் வீடு, கடை எல்லாம் நின்றுபோகின்றன. தட்டையான நிலம், சாம்பல் நிறப் புதர்கள், சனவரிக் காற்று. பேரன் சுவெட்டரை முகம்வரை இழுத்துக்கொண்டான்.

முதலில் கண்ணில் படுவது கோட்டை. சதுரம். மூன்று மூலையில் வட்டக் கோபுரம், நாலாவது மூலையில் மட்டும் செவ்வகக் கோபுரம். ஏதோ நவாப் காலத்துக் கோட்டை என்று நினைத்துக்கொண்டு மருமகள் படம் எடுத்தாள். கட்டிய ஆண்டு 1938. கத்தார் ஆட்சியாளர் ஷேக் அப்துல்லா பின் ஜாசிம் ஆல் தானி கட்டியது. 1980-கள் வரை காவல் நிலையமாக இருந்தது. அது ஏன் 1938-ல் எழும்பியது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

கோட்டையைத் தாண்டி, கடலை நோக்கிப் போனால் பழைய நகரம். 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, கத்தாரின் முதல் உலகப் பாரம்பரிய இடம். 1760-களில் குவைத் பக்கமிருந்து வந்த உத்தூப் குலத்தார் இங்கே குடியேறினார்கள். அவர்களில் ஒரு குடும்பம் ஆல் கலீஃபா. முத்து வணிகத்தில் ஊர் செழித்தது. 1783-ல் ஆல் கலீஃபா இங்கிருந்து போய் பஹ்ரைனைப் பிடித்தார்கள். இன்றுவரை பஹ்ரைனை ஆள்வது அந்தக் குடும்பம்தான். சுபாரா 1811-ல் தாக்கப்பட்டு எரிந்தது. அப்புறம் முழுதாக மீளவே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் முற்றிலும் காலி.

தோண்டி எடுத்த பகுதியில் என்னை நிறுத்தியது ஒரு சின்ன அறை. மத்பஸா என்கிறார்கள், பேரீச்சம்பழப் பாகு எடுக்கும் அறை. தரை முழுக்கச் சாந்து பூசி, வரிவரியாக மேடும் பள்ளமுமாக அமைத்திருக்கிறார்கள். பழ மூட்டைகளை மேலே மேலே அடுக்கினால், பாரத்தில் பிழிந்த பாகு பள்ளங்கள் வழியே ஓடி ஒரு மூலையில் புதைத்த சாடியில் இறங்கும். நான் குனிந்து பார்த்த பள்ளம் என் மூன்று விரல் அகலம் இருந்தது. சாந்து இன்னும் வழவழப்பாக இருக்கிறது. யாரோ கவனமாகத் தேய்த்து முடித்த வேலை. ஊரே மண்ணாகிப் போன இடத்தில் அந்தத் தரையைப் பார்த்ததும் மனம் கலங்கிவிட்டது.

சரி, தகராறுக்கு வருகிறேன். ஆல் கலீஃபாவுக்கு இது முன்னோர் ஊர். இங்கே மேய்ச்சலுக்கு வந்துபோகும் நயீம் குலத்தில் ஒரு பிரிவினர் தங்களுக்கு விசுவாசமானவர்கள் என்பது அவர்கள் வாதம். ஆல் தானிக்கு இது கத்தார் நிலத்தின் ஒரு பகுதி. 1867-ல் பஹ்ரைன் படைகள் தோஹாவையும் வக்ராவையும் சூறையாடின. கடல் அமைதியைக் குலைத்ததற்காக ரெசிடென்ட் லூயிஸ் பெல்லி 1868 செப்டம்பரில் பஹ்ரைன் ஆட்சியாளரையே மாற்றினார். அதே மாதம் 12-ஆம் தேதி, கத்தாரின் முகமது பின் தானியோடு தனியாக ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டார். கத்தார் தனிக் கட்சி என்று காகிதத்தில் ஏறியது அன்றைக்குத்தான். 1871-ல் துருக்கியர் தோஹாவுக்கு வந்தார்கள். 1873-ல் பஹ்ரைன் ஆட்சியாளர் சுபாராவின் மேல் உரிமை கேட்டபோது, அங்கே தலையிட வேண்டாம் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

அதே அதிகாரிகள் 1895-ல் வேறு விதமாக நடந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். துருக்கியர் ஆதரவோடு சுபாராவில் ஆட்கள் குடியேறி, படகுகள் திரண்டன. பஹ்ரைன் மேல் படையெடுப்பு வரும் என்று பயந்து, ஸ்ஃபிங்க்ஸ் என்ற போர்க்கப்பலின் கேப்டன் பெல்லி கரையில் நின்ற 44 படகுகளை அழித்தார். 1868-ல் ஒரு பெல்லி, இங்கே இன்னொரு பெல்லி, 1947-ல் மூன்றாவதாக ஒரு பெல்லி வருவார். கோப்பு படிக்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

இனி 1937. எண்ணெய் வாடை அடித்துவிட்டது. 1932-ல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. 1935 மே மாதம் கத்தார் ஷேக் எண்ணெய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தன் நிலம் எது என்று காட்டியாக வேண்டிய கட்டாயம் அவருக்கு. சுபாரா பக்கத்து நயீம் மக்களிடம் வரி கேட்டார். ஒரு பிரிவு பஹ்ரைன் ஷேக் ஹமதிடம் முறையிட்டது. பேச்சுவார்த்தை சில மாதம் நடந்து முறிந்தது. அந்த ஆண்டு மே 5-ஆம் தேதி ரெசிடென்ட் ஃபவுல் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், சட்டப்படி பார்த்தால் சுபாரா மேல் பஹ்ரைனின் கோரிக்கை நிற்காது என்று தன் கருத்தைச் சொல்லிவிட்டார். ஜூலை தொடக்கத்தில் ஷேக் அப்துல்லாவின் ஆட்கள் நயீம் மக்களைத் தாக்கிப் பணியவைத்தார்கள். கத்தார் ஷேக்குக்கும் நயீம் குலத்துக்கும் இடையிலான விவகாரத்தில் தலையிட இயலாது, வருந்துகிறோம் என்று பஹ்ரைனுக்குச் சொல்லும்படி லண்டனிலிருந்து உத்தரவு வந்தபோது ஜூலை நடுப்பகுதி. குடும்பம் குடும்பமாகப் படகேறிப் பஹ்ரைனுக்குப் போனார்கள். மறு ஆண்டு இந்தக் கோட்டை எழுந்தது.

ஒரு பக்கத்தில் சட்டம் சரியாகத்தான் இருந்தது. இன்னொரு பக்கத்தில் ஆடுமாடு மேய்த்துப் பிழைத்தவர்கள் உயிரிழந்தார்கள், ஊரிழந்தார்கள். என்ன நடக்கப்போகிறது என்பது மே மாதமே அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. எச்சரித்து நிறுத்தக் கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்கள் தந்திகளை வரிசையாகக் கோப்பில் கோத்தார்கள். எனக்கு இதில் ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இருட்டுவதற்கு முன் கிளம்பிவிட்டோம். தண்ணீரும் சாப்பாடும் கையில் கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை கிடையாது.

சனி, ராஸ் அப்ரூக்

இன்று மேற்குக் கரை. துகான் சாலையில் போய் ஸிக்ரீத் பக்கம் திரும்பினால் தார்ச்சாலை முடிந்துவிடும். அப்புறம் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே மண் தடம். ரிச்சர்ட் செர்ரா நிறுவிய நாலு பெரிய இரும்புத் தகடுகளைப் பார்க்கத்தான் எல்லோரும் இந்தப் பக்கம் வருகிறார்கள். நாங்களும் நின்று பார்த்தோம். அப்புறம் மகன் வண்டியை இன்னும் மேற்கே, முனைக்கு விட்டான்.

“அம்மா, அதோ தெரியுது பாருங்க, அதான் ஹவார்” என்றான்.

கடலுக்கு மேல் தாழ்வாக, மங்கலான பழுப்பில் ஒரு கோடு. அவ்வளவு பக்கம். மருமகளின் கைபேசி சிணுங்கியது. பஹ்ரைன் அலைவரிசை கிடைத்து, ரோமிங் கட்டணம் எவ்வளவு என்று செய்தி வந்திருந்தது. நாங்கள் நின்றது கத்தார் மண்.

பஹ்ரைனின் முக்கியத் தீவிலிருந்து ஹவார் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெரிய தீவு மட்டும் 17 கிலோமீட்டர் நீளம். நல்ல தண்ணீர் இல்லை, மழைநீரைத் தேக்கும் தொட்டிகள்தான். பஹ்ரைனிலிருந்து தவாசிர் குலத்தார் குளிர்காலத்தில் வந்து மீன்பிடிப்பார்கள், ஜிப்சம் வெட்டுவார்கள். 1909-ல் பொலிட்டிகல் ஏஜென்ட் பிரிடோ வந்தபோது அவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் கால் நூற்றாண்டு இந்தத் தீவைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

1936 ஏப்ரல் 28-ஆம் தேதி எல்லாம் மாறியது. பஹ்ரைனில் யாருக்கும் ஒதுக்காமல் மீதமிருந்த நிலப்பரப்புக்கு எண்ணெய் நிறுவனங்கள் போட்டி போட்ட நேரம். ஹவார் எங்களுடையது, அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று பஹ்ரைன் அரசின் ஆலோசகர் சார்லஸ் பெல்கிரேவ் எழுதினார். எட்டே நாளில், மே 6 அன்று, பொலிட்டிகல் ஏஜென்ட் லாக் அதை ஆதரித்து ஃபவுலுக்குக் கடிதம் அனுப்பினார். பஹ்ரைனின் கோரிக்கையில் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. பஹ்ரைனுக்குள் எவ்வளவு அதிக நிலம் அடங்குகிறதோ அது சில சூழ்நிலைகளில் நமக்கு அரசியல்ரீதியாக வசதியாக இருக்கலாம் என்றும் சேர்த்திருக்கிறார். இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விசாரணை நடத்தவேண்டியவர், விசாரணைக்கு முன்னால், யாருக்குப் போனால் தமக்கு லாபம் என்று எழுதுகிறார். என்னிடம் ஒரு வருவாய் ஆய்வாளர் இப்படி அறிக்கை கொடுத்திருந்தால் அந்தக் கோப்பை அவர் கையிலிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்திருப்பேன்.

ஜூலை 9-ஆம் தேதி லண்டன் தற்காலிகக் கருத்துச் சொன்னது: ஹவார் பஹ்ரைனுடையதாகவே தோன்றுகிறது, எதிர்க் கோரிக்கை வந்தால் பரிசீலிப்போம். இதைப் பஹ்ரைனுக்குச் சொன்னார்கள், எண்ணெய் நிறுவனத்துக்குச் சொன்னார்கள். கத்தார் ஷேக்குக்குச் சொல்லவில்லை. எதிர்க் கோரிக்கை தரவேண்டிய ஒரே ஆள் அவர்தான். அடுத்த ஆண்டு பஹ்ரைன் அரசு ஹவாரில் காவல் படையை நிறுத்திக் கட்டடமும் கட்டியது.

1938 மே மாதம் ஷேக் அப்துல்லா எழுத்துமூலமாக ஆட்சேபித்தார். புதிய ஏஜென்ட் ஹ்யூ வெய்ட்மன் அவரிடம் ஆதாரம் கேட்டார். ஷேக்கின் பதிலில் இருந்தது எளிய வாதம்: தீவு என் கரையை ஒட்டியிருக்கிறது, என் நிலத்தின் தொடர்ச்சி. பஹ்ரைன் பக்கத்தில் பெல்கிரேவ் ஆதாரங்களை அடுக்கினார். தவாசிர் வீடுகள், தண்ணீர்த் தொட்டிகள், 1909-லும் 1910-லும் பஹ்ரைன் காழி கொடுத்த தீர்ப்புகள். நம் ஊரில் அனுபோகம் என்று எதைச் சொல்வோமோ அதற்கான சான்றுகள் அத்தனையும். 1939 ஏப்ரலில் வெய்ட்மன் அறிக்கை கொடுத்தார். கத்தார் ஷேக் ஆதாரம் எதுவும் தரவில்லை, தன் வாய்ச்சொல்லையும் தீவு பக்கத்தில் இருப்பதையுமே நம்புகிறார் என்பது அதன் சாரம். ஜூலை 11-ஆம் தேதி ஃபவுல் இரண்டு ஆட்சியாளர்களுக்கும் கடிதம் அனுப்பினார். ஹவார் பஹ்ரைனுக்கு. காரணம் எதுவும் கடிதத்தில் இல்லை. ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஷேக் அப்துல்லா திரும்ப எழுதினார்: எனக்கு விளக்கம் வேண்டும், மறுபரிசீலனை செய்யுங்கள் என்று. விஷயம் முடிந்தது என்று பதில் வந்தது.

தீவைப் பார்த்தபடியே வண்டியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். காற்று பலம்.

ஞாயிறு, தோஹா

இங்கே ஞாயிறு வேலை நாள். மகன் அலுவலகம் போய்விட்டான். நான் வீட்டில் உட்கார்ந்து நாற்பதுகளின் கோப்புகளைப் படித்தேன்.

ஃபவுலுக்குப் பின் ரெசிடென்டாக வந்தவர் பிரையர். பத்தாண்டுக்கு முன்னால் பஹ்ரைனில் ஏஜென்டாக இருந்தவர், இந்தக் கரையை அறிந்தவர். ஹவார் கத்தாருடையது, 1939 முடிவு தவறு என்பது அவர் கருத்து. 1941-ல் அதை மேலே எழுதவும் செய்தார். அப்போது பஹ்ரைனில் ஏஜென்டாக இருந்த ஆல்பனும் அதே கருத்துதான். ஆனாலும் கோப்பைத் திறக்கவில்லை. ஒரு முறை முடிவு சொன்ன அரசாங்கம் அதை மாற்றினால் மரியாதை போய்விடும் என்ற எண்ணம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. ஆனால் தவறு என்று துறைக்குள்ளேயே எழுதிவைத்த இரண்டு பேர் இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அவர்களை மதிக்கிறேன்.

கத்தாருக்கு அது கொடிய காலம். ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து வளைகுடா முத்துத் தொழில் சரிந்திருந்தது. சுபாரா விவகாரத்துக்காகப் பஹ்ரைன் கத்தாரோடு வியாபாரத்தையும் போக்குவரத்தையும் முடக்கியது. துகானில் எண்ணெய் கண்டுபிடித்ததும் உலகப் போர் வந்து கிணறுகளை மூடவைத்தது. ஏற்றுமதி தொடங்கியது 1949 கடைசியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பட்டினிக்குப் பயந்து ஊர் ஊராகக் கிளம்பிப் போனார்கள். இன்றைய தோஹாவின் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்ப்பவர்கள் அந்தப் பத்தாண்டை அவசியம் படிக்க வேண்டும்.

1944 ஜூனில் ஏஜென்ட் ஹிக்கின்பாதம் முயற்சியில் ஒரு சமாதான ஒப்பந்தம் வந்தது. முன்பு இல்லாத எதையும் சுபாராவில் செய்யமாட்டேன், ஆல் கலீஃபா மேல் உள்ள மரியாதைக்காக இதை ஏற்கிறேன் என்று கத்தார் ஷேக் ஒப்புக்கொண்டார். கத்தாருக்குத் தீங்கு செய்யமாட்டேன் என்று பஹ்ரைன். கடைசியில் ஒரு வாக்கியம்: எண்ணெய் நிறுவனத்தின் உரிமைகளை இது பாதிக்காது. நயீம் மக்கள் அதில் கட்சி இல்லை.

திங்கள், மனாமா

தோஹாவிலிருந்து பஹ்ரைனுக்கு விமானம் ஒரு மணி நேரம்கூட இல்லை. பஹ்ரைன் உட்பட அண்டை நாடுகள் கத்தாரோடு உறவை முறித்துத் தடை போட்டதால் இந்த விமானமே 2017 ஜூனிலிருந்து நின்றுபோய், தடை நீங்கிய பின்னும் தாமதமாகி, 2023 மே 25-ல்தான் திரும்பத் தொடங்கியது. நடுவில் இரண்டு ஊரிலும் சொந்தக்காரர்கள் இருந்தவர்கள் மஸ்கட்டோ குவைத்தோ போய்ச் சுற்றி வந்தார்கள். அக்கா மகளின் பிரசவத்துக்கு மகனால் அப்படித்தான் வர முடிந்தது.

இந்தியர்களுக்கு இ-விசா கிடைக்கிறது. வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. இன்று ஓய்வு.

செவ்வாய், மனாமா

“சித்தி, பாப் அல் பஹ்ரைனில் பார்க்க என்ன இருக்கு, வெறும் வாசல்தானே” என்று அக்கா மகள் கேட்டாள். அந்த வாசலைத் திட்டமிட்டவர் பெல்கிரேவ். 1926-லிருந்து 1957 வரை பஹ்ரைன் ஆட்சியாளரின் ஆலோசகர். நாற்பதுகளில் கட்டி முடித்தபோது கடல் அதன் முன்னாலேயே இருந்தது. இன்று கடலைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டும், அவ்வளவும் தூர்த்த நிலம். பின்னாலுள்ள சந்தில் நுழைந்தால் நகைக் கடைகள், துணிக் கடைகள், தட்டாய் பாட்டியா என்ற இந்திய வணிகச் சமூகத்தார் எழுப்பிய கிருஷ்ணர் கோயில். கோயில் தெருவில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் மல்லிகை வாங்கினோம், தமிழிலேயே பேசினார்.

நான் பார்க்க வந்தது ஒரு தூரத்தை. வாசலிலிருந்து கிழக்கே கவர்ன்மென்ட் அவென்யூவில் நடந்தால் ராஸ் ருமான். பொலிட்டிகல் ஏஜென்சி அங்கேதான் இருந்தது, இன்று பிரிட்டிஷ் தூதரகம். மெதுவாக நடந்தும் சீக்கிரமே போய்விட்டோம். பெல்கிரேவ் அலுவலகத்துக்கும் ஏஜென்ட் வீட்டுக்கும் இடையில் அவ்வளவுதான் நடை. மேல்தட்டு ஆங்கிலேயர் சிலரே இருந்த ஊர். இருவரும் அடிக்கடி சந்திப்பார்கள், சேர்ந்து விருந்துண்பார்கள்.

கத்தாரில் அப்போது ஒரு பிரிட்டிஷ் அதிகாரிகூடக் கிடையாது. தோஹாவில் பொலிட்டிகல் ஆபீசர் வந்தது 1949-ல். அதுவரை கத்தாரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர் பஹ்ரைனில் உட்கார்ந்திருந்த இதே ஏஜென்ட்தான். ஷேக் அப்துல்லாவின் கடிதம் அரபியில் எழுதி, படகில் ஏறி, இங்கே வந்து, மொழிபெயர்ப்பாகி, அப்புறம் மேசைக்குப் போகும். பஹ்ரைனின் கடிதத்தை ஓர் ஆங்கிலேயர் ஆங்கிலத்தில் எழுதினார். ஏஜென்டின் பாணியே அவருக்கும் பாணி. எது ஆதாரம் ஆகும், எதை எப்படி வரிசைப்படுத்தினால் புஷேரில் எடுபடும் என்று அவருக்குத் தெரியும். ஒரு கட்சிக்காரர் தெருவிலேயே குடியிருக்கும் கிராம நிர்வாக அலுவலர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், மற்ற கட்சிக்காரர் சொல்வது அவர் காதில் பாதிதான் விழும். நான் பணியில் இருந்த காலமெல்லாம் கண்டது இது.

எல்லாவற்றையும் பாரபட்சம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. இதே வீட்டில் உட்கார்ந்துதானே சுபாராவில் பஹ்ரைனுக்கு எதிராகவும் சொன்னார்கள்? சுபாராவுக்கு 1868 உடன்படிக்கை இருந்தது, 1913-ல் துருக்கியோடு எழுதிய ஒப்பந்தத்தில் கத்தாரில் பஹ்ரைன் தலையிடக் கூடாது என்ற ஷரத்து இருந்தது. அது நடைமுறைக்கு வராவிட்டாலும் எழுத்தில் இருந்தது. எழுத்து இருந்த இடத்தில் அதிகாரிகள் அதை மீறவில்லை. ஹவாருக்கு அப்படி எதுவும் இல்லை. எழுத்து இல்லாத இடத்தில், பக்கத்து மேசையிலிருந்து வந்த குரல் போதுமானதாக இருந்துவிட்டது. இந்த ராஸ் ருமான் நடையில்தான் எனக்கு இது தெளிவானது.

புதன், மனாமா

மழை. வீட்டில் உட்கார்ந்து, இந்தத் தகராறில் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் படித்தேன்.

1947 டிசம்பர் 23-ல் மூன்றாவது பெல்லி, அதாவது ஏஜென்ட் கார்னீலியஸ் பெல்லி, இரண்டு ஆட்சியாளர்களுக்கும் கடிதம் எழுதிக் கடலடி நிலத்தையும் கோடு போட்டுப் பிரித்தார். திபல், ஜராதா என்ற இரண்டு மணல் திட்டுகள் கோட்டுக்குக் கத்தார் பக்கம் விழுந்தாலும் பஹ்ரைனுக்கு உரிமை என்றார். 1971-ல் பிரிட்டன் வளைகுடாவை விட்டுப் போனது. தகராறு அப்படியே நின்றது. 1986-ல் திபல் திட்டில் பஹ்ரைன் ஏதோ கட்டத் தொடங்க, கத்தார் படைகள் ஹெலிகாப்டரில் இறங்கி, வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பிடித்துப் போனார்கள். பிறகு விடுவித்தார்கள். வேலை கிடைத்த இடத்துக்குப் போன தொழிலாளிக்கு அது யார் திட்டு என்று எப்படித் தெரியும்?

சவூதி மன்னரின் மத்தியஸ்தம் பலிக்காமல், 1991 ஜூலையில் கத்தார் சர்வதேச நீதிமன்றம் போனது. தீர்ப்பு 2001 மார்ச் 16-ல். சுபாரா ஏகமனதாகக் கத்தாருக்கு. ஹவார் 12-க்கு 5 என்ற கணக்கில் பஹ்ரைனுக்கு. ஹவாருக்கு அருகிலுள்ள ஜனான் தீவும் திபலும் கத்தாருக்கு, ஜராதா பஹ்ரைனுக்கு. இருநாடுகளும் ஏற்றுக்கொண்டன. வளைகுடாவில் இது சாதாரண விஷயம் இல்லை, இரு தரப்பையும் பாராட்ட வேண்டும்.

ஹவார் பற்றிய பகுதியில் நீதிமன்றம் வெய்ட்மனின் ஆதாரங்களை எடைபோடவில்லை. தவாசிர் வீடுகளையும் தொட்டிகளையும் ஆராயவில்லை. 1938-ல் இரு ஆட்சியாளர்களும் பிரிட்டன் முடிவு செய்யட்டும் என்று சம்மதித்தார்கள், ஆகவே 1939 முடிவு இருவரையும் கட்டுப்படுத்தும் என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. நியாயம் கிடைக்கும் என்று நம்பி ஷேக் அப்துல்லா எழுதிய கடிதமே அவர் தீவை இழக்கக் காரணமானது. சுபாரா பகுதியில் இன்னொன்று. 1937-ல் கத்தார் ஷேக் அங்கே எடுத்த நடவடிக்கை, தன் நிலத்தின் மேல் தன் அதிகாரத்தைச் செலுத்தியதுதான் என்கிறது நீதிமன்றம். சட்டம் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை நான் நின்ற அந்த மண்ணில் விரட்டப்பட்டவர்களின் துன்பம், எல்லைக்கு ஆதாரமாக ஒரு பத்தியில் அடங்கிப்போகிறது. அவர்கள் தரப்பில் யாரும் கடிதம் எழுதவில்லை, எழுதியிருந்தாலும் அதற்கென்று ஒரு கோப்பு திறந்திருக்கமாட்டார்கள். நயீம் குலத்தார் இன்று கத்தாரிலும் இருக்கிறார்கள், பஹ்ரைனிலும் இருக்கிறார்கள். 1937-ல் படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் யாராவது பேசச் சம்மதித்தால், கேட்டு எழுத எனக்கு விருப்பம்.

மழை விட்டால் நாளை முஹர்ரக். 1869-ல் ஆட்சிக்கு வந்து, சுபாராவை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்து, 1923-ல் பிரிட்டிஷாரால் ஒதுக்கப்பட்ட ஷேக் ஈசா பின் அலியின் வீடு அங்கே இருக்கிறது. காற்றுக்கோபுரத்தின் கீழே உட்காரலாமாம். ஹவாருக்குப் படகு எப்போது என்று அக்கா மகளின் கணவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.